குரோம் உரிந்த கார் எம்பளம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள் என் கடைக்கு எம்பளம் (காரின் முன்னாலும் பின்னாலும் இருக்கும் சின்னம், பெயர் எழுத்து) வரத் தொடங்கும். திருநெல்வேலி வண்ணார்பேட்டை பைபாஸ் பக்கம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். நம்பர் பிளேட், கண்ணாடி எழுத்து, எம்பளம் ஒட்டுவது, இதுதான் பிழைப்பு. சந்தனத்தைக் குழைத்து முன்பக்க எம்பளத்தில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, அது வெயிலில் காய்ந்து ஓடாகும்வரை விட்டிருப்பார்கள். அப்புறம் புளியும் தேங்காய் நாருமாகத் தேய்த்திருப்பார்கள். "அண்ணாச்சி, குத்துவிளக்கு மாதிரி மின்னும்னு நெனச்சேன், மஞ்சளாயிட்டு" என்று ஒருத்தர் நீட்டினார். அவர் தேய்த்தது பித்தளை இல்லை. பெரும்பாலும் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாதிகூடத் தேறாத குரோம் படலம். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்தக் கணக்கில் பார்த்தால் தேங்காய் நார் அரிவாளுக்குச் சமம்.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். உங்கள் எம்பளத்தில் தெரிகிற கோளாறுக்கு நேரே போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியைத் தாண்டாதீர்கள். திருத்த முடியாத நிலையில் என்னிடம் வருகிறவற்றில் பெரும்பாலானவை, என்ன ரகம் என்று பார்க்காமல் ஆசிட்டில் போடப்பட்டவை.

முதலில், கையில் இருப்பது எந்த ரகம்?

*உலோக வார்ப்பு.* பழைய அம்பாசடர், பத்மினி காலத்து எழுத்துகளில் பல இந்த வகை. கையில் கனக்கும், கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்து "ஒட்டவில்லை, அப்போ பிளாஸ்டிக்தான்" என்று முடிவு கட்டாதீர்கள். இவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை, காந்தம் ஒட்டாது. ஆசிட்டில் போட்டால் வார்ப்பே நுரைத்துக் கரையும். இந்தக் கட்டுரை இதற்கு இல்லை, இதை நேரே முலாம் போடுகிற பிளேட்டிங் கடைக்குக் கொடுங்கள்.

*முலாம் போட்ட பிளாஸ்டிக்.* 1983-ல் வந்த மாருதி 800-க்குப் பிறகு நம் ரோட்டில் ஓடும் கார்களில் அதிகம் பார்ப்பது இது. பின்பக்கம் ஓரமாக ஏபிஎஸ் (ABS, ஒரு வகைக் கெட்டி பிளாஸ்டிக்) என்று அச்சு எழுத்து இருக்கும். அடியில் செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில் குரோம். நகத்தால் தட்டினால் வெறும் பிளாஸ்டிக்கைவிடக் கொஞ்சம் கணீரென்று கேட்கும்.

*கண்ணாடி முகம் உள்ளது.* மேலே தெளிவான பிளாஸ்டிக், வெள்ளி நிறம் அதன் முதுகில். மேலே நகத்தை வைத்தால் நகத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும்.

*வெள்ளிப் பெயிண்ட் அல்லது ஃபாயில்.* சந்தையில் கிடைக்கும் மலிவு எழுத்துகள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு முதுகு ஓரத்தில் தேய்த்தால் பஞ்சில் வெள்ளி வந்துவிடும். இதற்கு மெனக்கெட வேண்டாம், புதிது வாங்குவதே லாபம்.

அறிகுறி 1: மேலே வெள்ளையாகப் படிந்து மங்கியிருக்கிறது

*போர் தண்ணீர் உப்பு.* முதல் சந்தேகம் எப்போதும் இதுதான். உப்புத் தண்ணீரில் காரைக் கழுவி வெயிலில் அப்படியே விட்டால் சொட்டு சொட்டாகக் காய்ந்து வட்டம் விழும். வினிகரில் பாதித் தண்ணீர் கலந்து, பஞ்சை நனைத்து எம்பளத்தின் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, பிறகு கழுவுங்கள். தேய்க்க வேண்டாம், ஊறினாலே போகும். கடைசி அலசலுக்கு ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறேன். அதில் உப்பு இல்லை, காய்ந்தாலும் கறை விழாது.

*சந்தனம், குங்குமம், பழைய பாலிஷ்.* எழுத்தின் இடுக்கில் உட்கார்ந்திருக்கும். ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ். குங்குமச் சிவப்பு போகவில்லை என்றால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. தின்னர், அசிட்டோன் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையே கரைக்கும். முலாமில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் போதும், உள்ளே போய் வேலையைக் காட்டிவிடும்.

*குரோம் தேய்ந்து நிக்கல் தெரிகிறது.* வெள்ளை போன பிறகும் லேசான மஞ்சள் தங்குகிறதா? ஒரு எவர்சில்வர் கரண்டியைப் பக்கத்தில் வையுங்கள். குரோம் என்றால் கரண்டியைவிட நீலமாகத் தெரியும். நிக்கல் என்றால் கரண்டியைவிட மஞ்சளாகத் தெரியும். நிக்கல் வெளியே வந்துவிட்டால் எந்த பாலிஷும் குரோமைத் திருப்பிக் கொண்டுவராது. மெழுகு போட்டு அப்படியே ஓட்டலாம், மாதம் ஒரு தடவை துடைக்க வேண்டிவரும், அவ்வளவுதான். என் சொந்த வண்டியில் பின் எம்பளம் மூன்று வருடமாக அந்த மஞ்சளில்தான் இருக்கிறது, நானாகச் சொல்லாமல் யாரும் கவனித்ததில்லை.

*எப்போது வெளியே கொடுப்பது:* பழைய கார் கண்காட்சிக்கோ விற்பனைக்கோ போகிறது, கண்ணாடி போன்ற நீலப் பளபளப்புதான் வேண்டும் என்றால் மட்டும். அந்த வழி அறிகுறி 3-இன் கடைசியில் இருக்கிறது.

அறிகுறி 2: புள்ளி புள்ளியாகப் பழுப்பு அல்லது பச்சை

உவரி, கூடங்குளம், திசையன்விளை பக்கத்து வண்டிகளில் இது அதிகம். கடற்காற்றில் வருகிற உப்பு.

*பழுப்புப் புள்ளி.* பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. பழுப்பு என்றால் பிரேக் தேய்ந்து பறந்த இரும்புத் தூள் மேலே ஒட்டித் துருத்திருக்கும், அல்லது தேரி மண் (இந்தப் பக்கத்துச் செம்மணல்) தூசி. வினிகர் ஊறல் போதும். துணியை வைத்து அழுத்தித் துடைக்காதீர்கள், தேரி மண் நைசான வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) மாதிரி கீறும். முதலில் தண்ணீரை ஓடவிட்டு மண்ணை இறக்குங்கள்.

அலுமினியம் ஃபாயிலைக் கசக்கித் தேய்த்தால் துரு போகும் என்று வீடியோக்களில் காட்டுவது இரும்பு பம்பருக்கான வித்தை. இங்கே அடியில் இரும்பே இல்லை. கீறல்தான் மிச்சம்.

*பச்சைப் புள்ளி.* இது செம்பு. உப்பு ஊசித்துளை வழியாக இறங்கி அடியிலிருக்கும் செம்புப் படலத்தைத் தின்கிறது என்று அர்த்தம். புள்ளியின் ஓரத்தைக் குண்டூசி முனையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சுத்தம் செய்து மெழுகு போட்டுத் தள்ளிப்போடலாம். அப்பளம் நொறுங்குவது போல உள்ளே போனால் சுற்றிலும் முலாம் தூக்கிவிட்டது, அறிகுறி 3-க்கு வாருங்கள்.

அறிகுறி 3: கொப்புளம், தோல் உரிகிறது

விரலை வைக்கும் முன் ஒரு வார்த்தை: உரிந்த முலாமின் விளிம்பு பிளேடு மாதிரி. நகத்துக்கும் சதைக்கும் நடுவே ஏறினால் ரெண்டு நாள் சோறு பிசைய முடியாது. எனக்கு ஏறியிருக்கிறது. தோல் கையுறை போடுங்கள்.

*சூடு பட்டதா?* ஒரு வேன் டிரைவர் கொண்டுவந்த எம்பளத்தில் கீழ்ப்பாதி மட்டும் கொப்புளம், எழுத்தும் லேசாகத் தொங்கியிருந்தது. கேட்டால், பூஜையில் சூடத்தட்டை எம்பளத்துக்கு நேரே ரொம்ப நேரம் காட்டியிருக்கிறார்கள். ஏபிஎஸ் 100 டிகிரி பக்கம் போனால் இளகிவிடும். எழுத்தே வளைந்திருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள், புதிது வாங்குங்கள்.

*ஓரத்தில் மட்டும் சின்ன உரிவு, மற்றது கெட்டி.* கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம், கருப்போ சாம்பலோ அடிக்கலாம் என்றால் முழுதும் உரிக்க வேண்டியதில்லை. தூக்கியதைக் கத்தியால் எடுத்துவிட்டு, விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாதவரை 400 நம்பர், பிறகு 600 நம்பர் வாட்டர் பேப்பர். தேய்க்கத் தேய்க்க வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, கடைசியில் பிளாஸ்டிக் என்று மரத்தின் வளையம் போலத் தெரியும். அந்த வளையங்கள் அகலமாக இருந்தால் விளிம்பு சரிவாக இறங்கியிருக்கிறது. குறுகலாக இருந்தால் பெயிண்டுக்கு மேலும் படி தெரியும், இன்னும் தேய்க்க வேண்டும்.

*பல இடத்தில் கொப்புளம்.* முழுக்க உரிப்பதுதான் வழி. ஒன்றை மூடினால் பக்கத்தில் இன்னொன்று எழும்பும்.

உரிப்பதற்கு முன் எம்பளத்தைக் காரிலிருந்து எடுக்க வேண்டும். மத்தியான வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தினாலே பசை இளகும். தூண்டில் நரம்பை எம்பளத்துக்கும் பாடிக்கும் நடுவே விட்டு, ரம்பம் போல முன்னும் பின்னும் இழுங்கள். பாதியில் நின்று அசையவே இல்லை என்றால் முதுகில் குச்சி போன்ற பின் (pin) இருக்கிறது, பானெட்டைத் திறந்து உள்ளிருந்து கிளிப்பை எடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எம்பளத்தை உடைத்தவர்களைவிடக் கார் பெயிண்டைப் பெயர்த்தவர்கள் அதிகம்.

அப்புறம் குளியல் ரெண்டு.

முதலாவது ஆசிட். குளியலறை கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான். 2013-லிருந்து சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு இருப்பதால் கடைக்காரர் அடையாள அட்டை கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். மொட்டை மாடியில், காற்று உங்கள் முதுகிலிருந்து அடிக்கும்படி நின்றுகொண்டு, பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு பங்கு ஆசிட்டை மெதுவாக ஊற்றுங்கள். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறிக்கும். ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். டப்பாவை இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வாயு சேரும்.

எம்பளத்தை நரம்பில் கட்டி இறக்குங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்கும்போது ஓரத்தில் சோடா மாதிரிக் குமிழி கிளம்பும், பிறகு முகம் முழுக்கப் பரவும், தண்ணீர் மெல்லப் பச்சையாகும். குமிழி அடங்கியதும் எடுத்துப் பார்த்தால் இன்னும் பளபளப்பாகவே இருக்கும், ஆனால் மஞ்சள். குரோம் போய்விட்டது, தெரிவது நிக்கல். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, அலசுங்கள்.

இரண்டாவது பெரிக் குளோரைடு. சர்க்யூட் போர்டு அரிக்கிறதுக்காக எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கிடைக்கும். இது நிக்கலையும் செம்பையும் தின்னும், ஏபிஎஸ்ஸைத் தொடாது. மஞ்சள் முகம் முதலில் கறுத்து, பிறகு செம்பு நிறம் காட்டி, திட்டுத் திட்டாகப் பிளாஸ்டிக் வெளியே வரும். சில மணி நேரம் ஆகும், சிலது ஒரு ராத்திரி. நடுநடுவே டப்பாவை ஆட்டிவிடுங்கள். சட்டையில் பட்டால் அந்த மஞ்சள் கறை சாகும்வரை போகாது.

வெளியே வருகிற பிளாஸ்டிக் பளபளப்பில்லாமல், சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி இருக்கும். முலாம் பிடிக்க வேண்டுமென்று தொழிற்சாலையில் அரித்துவிட்ட முகம் அது. வழவழப்பாக்க வேண்டும் என்று தேய்த்துவிடாதீர்கள், பெயிண்ட் பிடிப்பதற்கு அதைவிட நல்ல முகம் நம்மால் உண்டாக்க முடியாது.

மூன்று விஷயங்களை மட்டும் குரலை உயர்த்திச் சொல்கிறேன். ஆசிட் இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடரோ பிளீச்சோ இருக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு, ஆளைச் சாய்க்கும். காஸ்டிக் சோடாத் தண்ணீரில் பேட்டரி சார்ஜரை இணைத்து குரோமை உரிக்கும் முறை ஒன்று சுற்றுகிறது. அதில் உண்டாகும் மஞ்சள் தண்ணீர் புற்றுநோய் தரும் வகைக் குரோமியம், அந்தப் பக்கமே போகாதீர்கள். மூன்றாவது, மிச்சத் தண்ணீர். சுண்ணாம்பு போட்டுக் கலக்கி, ஒரு நாள் தெளியவிட்டால் கசடு அடியில் தங்கும். கசடையும் தெளிந்த தண்ணீரையும் தனித்தனியாகப் பேர் எழுதி மூடி வைத்து, கழிவு எடுக்கிற பிளேட்டிங் கடையில் ஒப்படையுங்கள். சாக்கடையில் ஊற்றினால் அது பாளையங்கால்வாய்க்குப் போகும், ஆற்றுக்குப் போகும். செம்பு மீனைக் கொல்லும். தாமிரபரணி ஆற்றின் பெயரிலேயே தாமிரம் இருக்கிறது, நாம் வேறு சேர்க்க வேண்டாம்.

*எப்போது வெளியே கொடுப்பது:* திரும்பவும் நிஜக் குரோம்தான் வேண்டும் என்றால். சைலன்சருக்கும் பாத்திரத்துக்கும் முலாம் போடுகிற கடையில் இது நடக்காது. பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். "பிளாஸ்டிக் மேலே போடுவீங்களா" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். வெள்ளிக் கரைசலைத் தெளித்துக் கண்ணாடிப் படலம் உண்டாக்குகிறவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள், அதுவும் ஒரு வழி. உரித்த எம்பளத்தைப் பெயிண்ட் அடிக்காமல் அப்படியே கொடுங்கள். புது எம்பளம் கிடைக்கிற வண்டி என்றால் இந்தச் செலவு வீண். உற்பத்தி நின்று போன வண்டிக்கு மட்டும் நியாயம்.

அறிகுறி 4: ஆசிட்டில் போட்டும் உரியவில்லை, அல்லது வேறு ஏதோ ஆகிறது

*குமிழியே வரவில்லை.* மேலே தெளிவான வார்னிஷ் இருக்கலாம், அல்லது யாரோ மெழுகு போட்டிருக்கலாம். ஷாம்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, முதுகில் ஓர் ஓரத்தை வாட்டர் பேப்பரால் கீறிவிட்டுத் திரும்ப இறக்குங்கள். கீறின இடத்தில் குமிழி கிளம்பினால் மேலே ஏதோ படலம் இருப்பது உறுதி. முழு முகத்தையும் 600 நம்பரால் லேசாகக் கீறிவிடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஆசிட் நீர்த்தது. கெட்டியான நீல நிறக் கழுவும் திரவங்களில் ஆசிட் குறைவு, அதில் ரொம்ப நேரம் ஆகும்.

*பெரிக் குளோரைடில் ராத்திரி முழுக்கப் போட்டும் அப்படியே மின்னுகிறது.* முதல் குளியலை விட்டுவிட்டீர்கள். குரோமின் மேல் பெரிக் குளோரைடு வேலை செய்யாது. கழுவி, ஆசிட்டிலிருந்து தொடங்குங்கள்.

*எம்பளமே நுரைத்துப் பொங்குகிறது.* உடனே எடுங்கள், அது உலோகம்.

*பிளாஸ்டிக் பிசுபிசுக்கிறது, வெடிப்பு விழுகிறது.* தின்னர் பட்டிருக்கிறது. பிசுபிசுப்பு மட்டும் என்றால் தொடாமல் ரெண்டு மூன்று நாள் காற்றில் வைத்தால் இறுகும், பிறகு தேய்த்துச் சமன் செய்யலாம். வெடிப்பு விழுந்ததற்கு மருந்து இல்லை.

*டப்பா ஒழுகுகிறது.* சிரிக்காதீர்கள். அவசரத்துக்கு வீட்டு எவர்சில்வர் டம்ளரில் பெரிக் குளோரைடை ஊற்றி வைத்தேன். காலையில் மேசையில் மஞ்சள் குளம், டம்ளரின் அடியில் கடுகு அளவு ஓட்டை. டம்ளர் சீதனத்தில் வந்தது, அந்தக் கதையை இங்கே எழுத முடியாது. ஆசிட்டும் இதுவும் எவர்சில்வரைத் தின்னும், பிளாஸ்டிக்கோ கண்ணாடியோதான். கடைக்குள்ளும் வைக்காதீர்கள். ஆசிட் ஆவி ஒரே ராத்திரியில் என் ஸ்பேனர் செட் முழுக்கத் துருப்பூ பூக்க வைத்தது.

அறிகுறி 5: கண்ணாடி முகத்துக்கு உள்ளே கறுப்பு, மேகம் போன்ற திட்டு

*மேல் முகம்தான் மங்கல்.* ஈர விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் பட்ட இடம் தெளிவாகத் தெரிந்தால் கோளாறு மேலேதான். 1500, 2000 நம்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஹெட்லைட்டுக்குப் போடும் காம்பவுண்டால் மெருகேற்றினால் புதுசாகிவிடும். ஆசிட், தின்னர், காஸ்டிக் எதுவும் ஆகாது.

*ஈரம் பட்டும் தெளியவில்லை.* முதுகில் இருக்கும் வெள்ளியே அரித்துவிட்டது. ஓரத்துப் பசை விட்டு மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கும், ஐப்பசி மழைக்குப் பிறகு நிறைய வரும். முதுகுப் பலகையைப் பிரித்து, பழைய வெள்ளியைச் சுரண்டி, முதுகில் வெள்ளிப் பெயிண்ட் அடிக்கலாம். எழுத்துக்கு வேறு நிறம், பின்னணிக்கு வேறு நிறம் என்றால் வரிசை தலைகீழ்: எழுத்தின் நிறம் முதலில், பின்னணி அப்புறம். நானே பத்தில் பாதியைப் பிரிக்கும்போது உடைத்திருக்கிறேன். கிடைத்தால் புதிது வாங்கிவிடுங்கள்.

சில புதிய வண்டிகளில் முன் எம்பளத்துக்குப் பின்னால்தான் ரேடார் இருக்கும். அதற்கு வெள்ளிப் பெயிண்டும் வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம். உலோகத் தூள் உள்ள பெயிண்ட் ரேடாரை மறைக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

அறிகுறி 6: பெயிண்ட் அடித்த பிறகு தகராறு

*தாளாக உரிந்து வருகிறது.* பிரைமர் (பெயிண்ட் பிடிக்க அடியில் அடிக்கும் பூச்சு) இல்லாமல் அடித்திருப்பீர்கள், அல்லது முலாம் இருந்த முகத்தைக் கீறாமல் அடித்திருப்பீர்கள். பழைய முலாமின் மேல் என்றால் 400 நம்பரில் பளபளப்பு முழுக்கப் போகத் தேய்த்து எபாக்ஸி பிரைமர். வெறும் பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக் பிரைமர்.

*குழி குழியாக விலகுகிறது, மீன் கண் மாதிரி.* டேஷ்போர்டு பாலிஷில் இருக்கும் சிலிக்கோன். கையில் ஒட்டியிருந்தால்கூடப் போதும். பெயிண்டைக் கழற்றி, ஷாம்பு, ஸ்பிரிட், புதுத் துணி. நான் பெயிண்ட் அடிக்கிற நாளில் பாலிஷ் டப்பாவைக் கடையில் திறப்பதே இல்லை.

*வெள்ளையாகப் பூத்துவிட்டது.* மழைக்கால ஈரம். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ், சீக்கிரம் காயும் வகை) பெயிண்ட் கார்த்திகையில் இதைச் செய்யாமல் இருக்காது. காய்ந்த பிறகு மெதுவாகக் காய்கிற ரிட்டார்டர் தின்னரைப் புகை போல ஒரு தடவை தெளித்தால் பலதும் தெளியும். வெயில் வருகிற நாள்வரை காத்திருப்பது அதைவிட நல்லது.

*மண் மண்ணாக உட்கார்ந்திருக்கிறது.* ஆடிக் காற்றில் வெளியே நின்று அடித்திருப்பீர்கள். பெரிய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே தண்ணீர் தெளித்து, அதற்குள் அடியுங்கள்.

*குரோம் ஸ்பிரே அடித்தேன், கண்ணாடி மாதிரி வந்தது, கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்ததும் சாம்பலாகிவிட்டது.* அதிகம் கேட்கப்படுவது இதுதான். டப்பா ஸ்பிரேயில் இருப்பது அலுமினியத் தூள். தூள்கள் மேலே படுத்துச் சமமாக இருக்கும்வரைதான் கண்ணாடி. ஈரமான கிளியர் பட்டதும் அவை எழும்பிக் கலைந்துவிடும். கொஞ்சம் குறைக்க வழி உண்டு: அடியில் பளபளக்கும் கருப்பு அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் குரோமை மெல்லிய பூச்சாக அடித்து, ரெண்டு மூன்று நாள் விட்டு, கிளியரை முதல் ரெண்டு தடவை தூரத்திலிருந்து தூறல் போடுவது போல மட்டும் காட்டுவது. அப்படிச் செய்தாலும் குரோம் வராது, நல்ல வெள்ளி வரும். கிளியரே அடிக்காமல் விட்டால் கண்ணாடி நிற்கும், ஆனால் கைபட்ட இடமெல்லாம் கறுக்கும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். வாடிக்கையாளர் முகம் வாடும். அப்போது மாதிரிக்கு வைத்திருக்கும் கருப்பு எம்பளத்தைக் காட்டுவேன். என்னைக் கேட்டால் உரித்த எம்பளத்துக்குக் கருப்போ அடர் சாம்பலோதான் அழகு, வெயிலுக்கும் நிற்கும்.

*எப்போது வெளியே கொடுப்பது:* ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த டூ கே (2K, ரெண்டு பாகம் கலப்பது) கிளியர்தான் வேண்டும் என்றால் பெயிண்ட் ஷாப்பில் கொடுங்கள். அந்த ஹார்டனரின் தூறல் நுரையீரலுக்குக் கெடுதல், சாதாரண துணி மாஸ்க் அதைத் தடுக்காது. எம்பளத்தை மட்டும் அவர்கள் தனியாக எடுக்கமாட்டார்கள். வேறு கார் அடிக்கும்போது கூடவே வைத்து அடித்துத் தரச் சொல்லுங்கள். "அண்ணே, அவசரமில்லை" என்று கொடுத்தால் நல்லபடியாக வரும்.

அறிகுறி 7: ஒட்டிய எம்பளம் விழுந்துவிடுகிறது

*பழைய பசை போகவில்லை.* பாடியில் மிச்சமிருக்கும் பஞ்சுப் பசையைக் கட்டை விரலால் உருட்டி எடுத்து, மீதிக்கு மண்ணெண்ணெய் தொட்ட துணி, பிறகு ஷாம்பு, பிறகு ஸ்பிரிட். மண்ணெண்ணெயின் எண்ணெய்ப் பசை மிஞ்சினால் எந்த டேப்பும் நிற்காது.

*டேப் தப்பு.* போட்டோ மாட்டுகிற வெள்ளை டபுள் சைடு டேப் சித்திரை வெயிலைத் தாங்காது. வண்டிக்கென்று வரும் சாம்பல் நிற அக்ரிலிக் டேப் வாங்குங்கள். ஒட்டி அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் வையுங்கள். முழுப் பிடிப்பு வர மூன்று நாள் ஆகும்.

*எம்பளம் வளைந்திருக்கிறது.* சமமான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஓரம் தூக்கினால், நல்ல சூடான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பானெட்டின் வளைவுக்குத் தக்கபடி கையுறை போட்ட கையால் பிடித்துக் குளிரவிடுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். உடனடிப் பசையால் ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஒட்டும், நன்றாகவே ஒட்டும். அடுத்த தடவை கழற்றும்போது பானெட் பெயிண்டும் சேர்ந்து வரும், அப்போது எம்பளத்தை விட்டுவிட்டு பானெட்டுக்கு பெயிண்டரைத் தேட வேண்டிவரும்.